ஐந்தாமவன்

கமிரி மருத்துவமனையில் மின்சாரம் போய் வந்தபோது
ஜெல் பாதி ஓடியிருந்தது.
கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன்.
வெளியே தெற்கத்திக் குளிர்காற்று.
ஜன்னல் சட்டத்தில் சாக்கோப் புழுதி,
அதை யாரும் துடைப்பதில்லை,
நானும்.

மூன்று குழாய்கள்.
லவுதெலீனா அரெபாயோ, வயது இருபத்தாறு.
அவள் பெற்ற இரட்டையர், பெயர் வைக்கவில்லை;
'அ', 'ஆ' என்று நானே எழுதினேன்.

ஒட்டுண்ணி ஒன்றுதான் என்று படித்திருந்தேன்.
ஒன்றல்ல, பங்காளிகள்.
ஆறு கிளை,
வௌவால்களோடு போய்விட்டது ஏழாவது.
எல்லோருக்கும் ஒரே சொத்தின்மேல் கண், நம் இதயத் தசை;
வந்து சேரும் பாதைதான் வேறு வேறு.

முதலாமவன் தேசாந்திரி,
பனங்கூட்டில் உறங்கும் ஒபோசத்தின் இரத்தத்தில்
பாதிக் கண்டத்தைச் சுற்றியவன்.
மூன்றாமவன் ஆர்மடில்லோ வளைக்குள் கிடக்கிறான்,
வீட்டுப் பக்கம் வருவது அபூர்வம்.
பெலேமில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு குடும்பத்தைக் காட்டினார்கள்:
அசாய்ப் பழத்தோடு பூச்சியும் அரைபட்டு
ஒரே மாலை, ஒரே குடம்,
ஒன்பது பேர் காய்ச்சலில்.
கடித்த தடம் ஒருவர் உடம்பிலும் இல்லை.
முதலாமவனா நான்காமவனா என்று
எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம்,
காப்பி தீரும்வரை.

எங்கள் பக்கத்துக்காரன் ஐந்தாமவன்.
கலப்பில் பிறந்தவன், வீடு பழகியவன்.
மண்சுவர் வெடிப்பு, கோழி அடையும் மூலை, கட்டில் கால்.
விஞ்சூக்கா வயிறு முட்டக் குடித்துவிட்டு
குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும்.
தூக்கத்தில் சொறிகிற நம் விரல்தான்
அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது.
மருந்தடித்தார்கள். சுவர் பூசினார்கள். தகரம் போட்டார்கள்.
அவனுக்கு இன்னொரு வழி மிச்சமிருந்தது:
தொப்புள்கொடி.

அதில் அவன் கெட்டிக்காரன் என்று எழுதுகிறவர்கள் உண்டு.
கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை,
இந்தச் சீமையில் அவன் கூட்டம் பெரிது,
அதனால் கண்ணில் படுகிறான் என்பவர்களும் உண்டு.
நான் பைப்பெட் பிடிக்கிறவள்.

விடியும் நேரம் ஊதா விளக்கின் கீழ் பார்த்தேன்.
தாய்க்கு இரண்டு பேர்:
முதலாமவனும் ஐந்தாமவனும்.
எத்தனை வருஷமாக ஒரே உடம்பில் குடித்தனமோ.
'அ'வுக்கு ஐந்தாமவன் மட்டும்.
'ஆ'வின் வரிசையில் இருட்டு.
மறுபடி ஓட்டினேன்.
இருட்டுதான்.

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னேன்.
அவள் விரல்விட்டு வீடுகளை எண்ணினாள்:
அப்பா கட்டியது, சித்தப்பா வீட்டுப் பின்கட்டு,
மொந்தேரோவில் கரும்பு வெட்டப் போனபோது படுத்த கொட்டகை.
"எதில் கடித்தது?"
தெரியாது என்றேன்.
"ரெண்டும் ஒரே வயிற்றில்தானே கிடந்தது?"
அதற்கும் தெரியாது.
தெரிந்ததைச் சொன்னேன்:
அறுபது நாள் மருந்து, மாத்திரையை நறுக்கிக் கரைத்துத் தரவேண்டும்,
ஒரு வயசுக்குள் கொடுத்தால் அநேகமாகக் குணம்.
மற்றவனுக்கு இப்போது ஒன்றும் வேண்டாம்,
பத்தாம் மாதம் கொண்டுவா, மறுபடி குத்திப் பார்ப்போம்.
பால் நிறுத்தியதும் உனக்கும் மாத்திரை உண்டு.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டு
இரண்டு பேரையும் என் பக்கமாகத் திருப்பினாள்.
"இதில் 'அ' எது?"

கணுக்காலில் நர்ஸ் எழுதிய மை
காலைக் குளியலோடு போயிருந்தது.
ஒரே நெற்றி, ஒரே சப்பை மூக்கு,
கொட்டாவிகூட அடுத்தடுத்து.
அவளைப் பார்த்தேன். அவளும் பிரித்து வைத்திருக்கவில்லை;
எது அழுததோ அதற்குக் கொடுத்திருக்கிறாள்.

குதிகாலைச் சுடுதுணியால் ஒற்றி
இருவருக்கும் குத்தினேன்.
இருவரும் கத்தினார்கள்.
குழாயில் எழுதப் பேனாவை எடுத்தபோது
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"எழுத்து வேண்டாம். பொறு."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"இவன் தீர்சோ. இவன் அனஸ்தாசியோ."

இரண்டாவது பெயர் குழாயைவிட நீளம்.
சுற்றி வளைத்து எழுதி
மையவிலக்கியில் எதிரெதிரே வைத்து மூடினேன்.
மின்சாரம் இருக்கிறது, இப்போதைக்கு.